கோர்ட்டுப் படி ஏறும் முன்

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கோர்ட் என்றால் ஆகாது. “கோர்ட்டுப் படி ஏறுற மாதிரி வச்சுடாதேடா” என்பார் அப்பா. காசும் காலமும் கரைந்துபோகும் என்பது அவர் கவலை. இரண்டு காலிலும் காலிப்பர் மாட்டி, கக்கத்தில் கட்டை ஊன்றி நடக்கிற எனக்கு அந்த வாக்கியத்தில் உறைத்த சொல் ‘படி’.

வருஷம் பல ஆகிவிட்டன. எந்தக் கோர்ட் என்பது வேண்டாம். ஒரு விபத்தைக் கண்ணால் பார்த்த சாட்சி என்று எனக்குச் சம்மன் வந்தது. ஹால் முதல் மாடியில். லிப்ட் இருந்தது, அதன் சாவியை வைத்திருந்தவர் அன்று லீவு. கட்டைகளை யாரோ ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டு, படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக ஏறினேன். பாதிப் படியில் இருக்கும்போது மேலே டவாலி என் பெயரைக் கூப்பிடுவது கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. “வந்துட்டேன்யா” என்று நான் போட்ட சத்தம் மாடிக்கு எட்டவில்லை. ஹாலுக்குள் போய்ச் சேர்ந்தபோது வேறு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. சாட்சி ஆஜராகவில்லை என்று எழுதியாகிவிட்டது. வேட்டியெல்லாம் புழுதியாக நின்ற என்னைப் பார்த்து பெஞ்ச் கிளார்க் சங்கடப்பட்டார். “முந்தியே ஒரு மெமோ போட்டிருந்தீங்கன்னா கீழயே வச்சு விசாரிச்சிருப்பாங்களே சார்.”

அவர் சொன்னது எனக்கு அன்று எரிச்சலாக இருந்தது. படியைக் கட்டினவன் நான் இல்லையே. ஆனால் அதற்குப் பின் எத்தனையோ பேருக்குத் துணையாகக் கோர்ட்டுக்குப் போய்வந்ததில், இந்த அத்தியாயத்தில் சொல்ல இருப்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும் என்று தெரிந்துகொண்டேன். கோர்ட்டில் வாயால் கேட்டது காற்றோடு போகும். காகிதத்தில் கேட்டால் வழக்குக் கட்டில் ஏறும்; கட்டில் ஏறியதற்கு நீதிபதி ஏதாவது ஒரு பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

என் கதையாவது புழுதியோடு போயிற்று. 1996-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், போல்க் கவுண்டி கோர்ட்டுக்குச் சக்கர நாற்காலியில் வந்த ஜார்ஜ் லேன், லிப்ட் இல்லாத அந்தக் கட்டடத்தில் இரண்டு அடுக்குப் படியைத் தவழ்ந்து ஏறினார். அடுத்த தடவை, தவழவும் மாட்டேன், யாரும் என்னைத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம் என்று கீழேயே இருந்துவிட்டார். ஆஜராகவில்லை என்று கைது செய்தார்கள். அவர் தொடுத்த வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், 2004-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் முடிந்தது. அவரோடு சேர்ந்து வழக்காடிய பெவர்லி ஜோன்ஸ் வழக்குக்காகக் கோர்ட்டுக்கு வந்தவர் இல்லை. கோர்ட்டில் வாக்குமூலம் பதிவு செய்யும் வேலை பார்த்தவர், அவரும் சக்கர நாற்காலிக்காரர். கோர்ட்டுப் படி என்பது வழக்குக்கு வருகிறவர்களுக்கு மட்டும் தடையாக இருப்பதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் ஊரில் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய சட்டம் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதில் பிரிவு 12. கோர்ட், தீர்ப்பாயம், ஆணையம், விசாரணை அதிகாரம் உள்ள எந்த அமைப்பு என்றாலும் மாற்றுத்திறனாளி தடையின்றி அணுக அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது அது. போலீஸ் ஸ்டேஷனும் இதில் அடக்கம். சாட்சியத்தையும் வாதத்தையும் அவரவர்க்குத் தோதான மொழியில், தோதான முறையில் பதிவு செய்ய ஏற்பாடு வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. இன்னொரு சட்டமும் உண்டு: சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987. இலவச வக்கீல் யார் யாருக்கு என்று சொல்வது அதிலும் பிரிவு 12-தான். இரண்டும் பன்னிரண்டு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் நின்று பேசும்போது உதவும்.

“உங்களுக்கு 40 சதவீதம் இல்லையே” என்று யாராவது கிளப்பினால் தயங்காதீர்கள். வேலை ஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும்தான் அந்தக் கணக்கு. நியாயமான வசதி செய்துதருவதற்கு 40 சதவீத வரம்பு கிடையாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேனா பிடித்தால் கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவர், தேர்வு எழுத ஆள் கேட்டுப் போட்ட வழக்கு அது.

எந்தக் கோர்ட், எப்படிப் போவது

சென்னை நந்தனத்துக்காரர்களுக்கு இரண்டு திசை. கிரிமினல் வழக்கு என்றால் பெரும்பாலும் சைதாப்பேட்டை. சொத்து, பாகப்பிரிவினை, பணம் சம்பந்தப்பட்ட சிவில் வழக்கு, விவாகரத்து, ஜீவனாம்சம், வாகன விபத்து நஷ்டஈடு என்றால் பெரும்பாலும் பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகம். அந்த வளாகத்துக்குள் உயர் நீதிமன்றம் மட்டும் இல்லை. சிட்டி சிவில் கோர்ட், சிறுவழக்கு நீதிமன்றம், குடும்ப நீதிமன்றம் எல்லாம் தனித்தனிக் கட்டடங்களில் இருக்கின்றன. “ஹைகோர்ட்டுக்கு வாங்க” என்று வக்கீல் சொன்னால் எந்தக் கட்டடம், எந்தத் தளம், எத்தனையாவது ஹால், எந்த கேட்டில் இறங்கினால் நடை குறையும் என்று நாலையும் கேட்டு எழுதி வாங்குங்கள். வக்கீலை விட அவருடைய குமாஸ்தாவுக்கு இது நன்றாகத் தெரியும். உள்ளே காவல் 2015 நவம்பர் முதல் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையிடம் இருக்கிறது. பாஸ், அடையாள அட்டை, பை சோதனை எல்லாம் உண்டு. மூன்று சக்கர ஸ்கூட்டரை உள்ளே கொண்டுபோக வேண்டுமானால் அன்று காலை கேட்டில் போய் வாதாடாதீர்கள். கீழே சொல்லப்போகும் மெமோவிலேயே வண்டி எண்ணோடு கேட்டுவிடுங்கள்.

போக்குவரத்தில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. நந்தனம் மெட்ரோவில் ஏறினால் தேனாம்பேட்டை, டிஎம்எஸ், ஆயிரம் விளக்கு, எல்ஐசி, அரசினர் தோட்டம், சென்ட்ரல், அதற்கடுத்தது உயர் நீதிமன்றம். ஏழாவது நிலையம், வண்டி மாற வேண்டியதில்லை. எதிர்த்திசையில் அடுத்த நிலையமே சைதாப்பேட்டை. நிலையத்துக்குள் லிப்ட், தரையில் பார்வையற்றோருக்கான மேடுபள்ள ஓடு, கேட்டால் சக்கர நாற்காலி எல்லாம் உண்டு. ஆனால் எல்லா வாசலிலும் லிப்ட் இருக்காது. அண்ணா சாலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருநாள் முன்னதாகப் பார்த்துவிடுங்கள். கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி வழித்தட வேலை நந்தனம் வழியாகவும் போவதால், தடுப்புப் பலகைகளும் நடைபாதையும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்றுப் போன வழி இன்று இருக்கும் என்று நம்ப முடியாது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு, சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய தாழ்தளப் பேருந்துகள் 2024 ஆகஸ்டில் 58 என்ற கணக்கில் சென்னைக்கு வரத் தொடங்கின. உயர் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் வழக்காடிய பிறகு வந்தவை அவை.

கழிப்பறை விஷயத்தைக் கூச்சமில்லாமல் பேசிவிடுவோம். கோர்ட்டுக்குப் போகும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் எனக்குத் தெரிந்து நிறையப் பேர். வேண்டாம். மெட்ரோ நிலையங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை இருக்கிறது. வளாகத்துக்குள் நுழையும் முன் அங்கேயே போய்விட்டுக் கிளம்பலாம். உள்ளே எங்கே இருக்கிறது, கதவு அகலமா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதை நோட்டம் பார்க்கப் போகும் நாளில் பார்த்து வையுங்கள்.

நோட்டம் பார்க்கும் நாள்

விசாரணைக்கு ஒரு வாரம் முன்பாக, சாயங்காலம் கூட்டம் குறையும் நேரத்தில் ஒருமுறை போய் வாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரை ஓர் அளவு டேப்போடு அனுப்புங்கள். ஹாலுக்குள் செல்போனில் படம் எடுக்கக் கூடாது. நோட்டுப் புத்தகம் போதும்.

சாய்தளத்தைப் பற்றி ஒரு கணக்கு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதாவது அரையடி உயரமுள்ள ஒற்றைப் படிக்கு ஆறடி. மூன்று படி என்றால் ஒன்றரை அடி உயரம், பதினெட்டு அடிச் சாய்தளம். நம் அலுவலகங்களில் மூன்று படிக்கு ஐந்தடியில் ஒரு சிமெண்ட் சறுக்கல் கட்டி, பக்கத்தில் நீலப் பலகையும் மாட்டியிருப்பார்கள். அதில் ஏற ஒருவர் பின்னால் தள்ள வேண்டும். இறங்கும்போது இரண்டு பேர் முன்னால் நின்று தாங்க வேண்டும். பார்த்ததும் உயரத்தையும் நீளத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். “சாய்தளம் சரியில்லை” என்று எழுதுவதற்கும் “18 அங்குல உயரத்துக்கு 60 அங்குல நீளமே உள்ளது” என்று எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கதவின் அகலத்தையும் அளங்கள், 90 சென்டிமீட்டர் வேண்டும். லிப்ட் ஓடுகிறதா, சாவி யாரிடம், அவர் வராத நாளில் யாரிடம் என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவது கேள்வியை அன்று நான் கேட்டிருக்க வேண்டும்.

முந்தின வருஷம் பார்த்ததை வைத்துக்கொண்டும் போகாதீர்கள். மெரினாவில் கடல் வரை சக்கர நாற்காலி போக மரப்பாதை போட்டார்கள். 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள், டிசம்பரில் மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்துவிட்டது, பிறகு சரிசெய்தார்கள். அதற்காவது புயல் வர வேண்டியிருந்தது. கோர்ட்டுச் சாய்தளத்தை மறைக்க நாலு பழைய பீரோவும் ஒரு பைக்கும் போதும்.

உயர் நீதிமன்றத்தில், “இது 1892-இல் கட்டின கட்டடம் சார், ஒரு செங்கல்லைத் தொட முடியாது” என்று சொல்லுவார்கள். ஹென்றி இர்வின் மேற்பார்வையில் எழுந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தைத் தொடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பழைய கட்டடங்களையும் ஐந்து வருஷத்துக்குள் அணுகத்தக்கதாக ஆக்க வேண்டும் என்று 2016 சட்டத்தின் 45-ஆம் பிரிவு கெடு வைத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்துவிட்டதால் அந்தக் கெடுவும் எப்போதோ தாண்டிவிட்டது. கட்டடத்தைத் தொடாமல் விசாரணையைத் தரைத்தளத்துக்கு நகர்த்தலாம். அது ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம். 2025 ஏப்ரலில் தெலங்கானாவின் போதன் ஊரில் ஒரு வழக்குக்கு ஆட்டோவில் வந்த முதிய தம்பதியால் உள்ளே நடந்து போக முடியவில்லை. நீதிபதி ஹாலை விட்டு வெளியே வந்து, ஆட்டோவின் அருகிலேயே நின்று விசாரித்தார். பத்திரிகையில் அதை அதிசயச் செய்தியாகப் போட்டார்கள். அதிசயமாக இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

மெமோ

வக்கீல் இருந்தால் அவர் வழியாக, இல்லாவிட்டால் நீங்களே, விசாரணைக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னால் தாக்கல் செய்யுங்கள். வழக்கமான வெள்ளைத் தாளில் இப்படி:

“மாண்புமிகு ________ நீதிமன்றம் முன்பு. வழக்கு எண் ____ / 20__. மேற்படி வழக்கில் இரண்டாம் பிரதிவாதியான நான் சக்கர நாற்காலியில் நடமாடும் மாற்றுத்திறனாளி. அடையாள அட்டை நகல் இணைத்துள்ளேன். நீதிமன்ற அறை முதல் தளத்தில் உள்ளது, படி 22, லிப்ட் ____ தேதி நேரில் பார்த்தபோது இயங்கவில்லை. ஆகவே மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 12-இன்படி, ____ தேதி விசாரணையைத் தரைத்தள அறை ஒன்றில் நடத்தவும், அது இயலாவிடில் காணொலி வழியாக நான் ஆஜராக அனுமதிக்கவும் வேண்டுகிறேன். நெடுநேரம் உட்கார்ந்திருக்க இயலாததால் என் வழக்கைக் காலையில் முதலாவதாகவோ ஒரு குறித்த நேரத்திலோ எடுக்கவும், ____ எண்ணுள்ள என் மூன்று சக்கர வாகனத்தை வளாகத்துக்குள் அனுமதிக்கவும், துணைக்கு ஒருவர் என் அருகில் இருக்க அனுமதிக்கவும் வேண்டுகிறேன்.”

இதில் கவனிக்க வேண்டியது, உடம்பைப் பற்றி ஒரு வரி, கட்டடத்தைப் பற்றி ஒரு வரி, மற்றதெல்லாம் என்ன வேண்டும் என்பது. பலரும் தலைகீழாக எழுதுகிறார்கள். எந்த வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தது, எத்தனை ஆபரேஷன், அம்மா எப்படித் தூக்கிச் சுமந்தார் என்று இரண்டு பக்கம் போய்விட்டு, கடைசியில் “ஆவன செய்ய வேண்டுகிறேன்” என்று முடிப்பார்கள். ஆவன என்றால் என்ன என்று நீதிபதிக்கு எப்படித் தெரியும்? இரக்கம் தேடி எழுதாதீர்கள். முதலில் வேண்டியது, அது முடியாவிட்டால் அடுத்தது என்று வரிசையாகக் கேளுங்கள். நகலில் தேதியிட்ட சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அன்று ஏதாவது பிசகி, ஆஜராகவில்லை என்று பிடிவாரண்டோ எக்ஸ்பார்ட்டி உத்தரவோ வந்தால், அதை ரத்து செய்யப் போடும் மனுவுக்கு அந்தச் சீல்தான் உயிர்.

காது கேளாதவர், பார்வையற்றவர், அறிவுசார் குறைபாடு உள்ளவர்

காது கேளாதவருக்குக் கோர்ட்டில் முதல் ஆபத்து டவாலியின் குரல். வராந்தாவில் நின்று பெயர் கூப்பிடுவார். இவர் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு அவரைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருப்பார். ஹாலுக்குள் டவாலி கண்ணில் படும் இடத்தில் உட்காரவைக்கவும், பெயருக்குப் பதில் கைகாட்டி அழைக்கவும் மெமோவில் கேளுங்கள். அன்று காலை பெஞ்ச் கிளார்க்கிடம் வழக்கு எண்ணைப் பெரிதாக எழுதிய தாளோடு முகத்தையும் காட்டிவிடுங்கள்.

சாட்சி சொல்வது எப்படி? பேச முடியாதவர் எழுதிக் காட்டலாம், சைகையால் சொல்லலாம். அது வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ளப்படும். மொழிபெயர்ப்பாளரையோ சிறப்பு ஆசிரியரையோ கோர்ட் வைத்துக்கொள்ள வேண்டும், சாட்சியத்தை வீடியோவில் பதிய வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 119-ஆக இருந்தது, 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் பிரிவு 125. மொழிபெயர்ப்பாளரை நீங்கள் பரிந்துரைக்கலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: குடும்பத்தில் ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். “அவ சைகை எனக்குத்தான் சார் புரியும்” என்று அண்ணன் முன்வருவார். சொத்து வழக்கில் அந்த அண்ணனே எதிர்த்தரப்பின் ஆளாக இருப்பதுண்டு. பள்ளிக்கே போகாமல் வீட்டுச் சைகை மட்டுமே தெரிந்தவர் என்றால், இந்தியச் சைகை மொழி தெரிந்தவர் ஒருவரும், அந்த வீட்டுச் சைகை தெரிந்த, வழக்கில் ஒட்டுறவு இல்லாத ஒருவரும் என இரண்டு பேர் தேவைப்படலாம். அதையும் எழுதியே கேளுங்கள். 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத வக்கீல் சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் ஆஜரானார். அந்தப் பெரிய கோர்ட்டில் நடந்தது நம் கோர்ட்டிலும் நடக்கலாம் என்று வக்கீலிடம் தைரியமாகச் சொல்லலாம்.

பார்வையற்றவருக்குப் பிரச்சினை காகிதம். எதிர்த்தரப்பு மனுவை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். போனில் உள்ள திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம், ஓர் எழுத்தும் படிக்காது. பக்கம் முழுக்க ரப்பர் ஸ்டாம்பும் இருந்தால் கேட்கவே வேண்டாம். தட்டச்சு செய்த மூலக் கோப்பையே தரும்படி கேளுங்கள். உயர் நீதிமன்ற இணையதளங்களையும் ஆவணங்களையும் பார்வையற்றோர் படிக்கும்படி மாற்றச் சொல்லி உச்ச நீதிமன்ற மின்னணுக் குழு 2020 டிசம்பரிலேயே எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரிந்த பார்வையற்றவரிடம் “ரேகை வச்சுடுங்க” என்று மை டப்பாவை நீட்டுவது நம் ஊர் வழக்கம். கட்டாயம் எதுவும் இல்லை. நீங்கள் கையெழுத்தே போடலாம். பிரமாணப் பத்திரம் என்றால், படித்துக் காட்டப்பட்டு, புரிந்துகொண்டு கையெழுத்திட்டார் என்ற சான்றுவரி கீழே இருக்க வேண்டும். அது உங்களுக்கும் பாதுகாப்பு. அந்த வரியை எழுதும் முன் நிஜமாகவே முழுக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

“கண்ணு தெரியாதவங்க எப்படி ஆளை அடையாளம் சொல்ல முடியும்?” என்று குறுக்கு விசாரணையில் நிச்சயம் கேட்பார்கள். 2021 ஏப்ரலில் பட்டான் ஜமால் வலி வழக்கில், பார்வையற்ற பெண்ணின் சாட்சியத்தை அந்தக் காரணத்துக்காகவே மட்டமாக மதிப்பிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பெண் குற்றவாளியைக் குரலால் அடையாளம் காட்டினார். பார்வையற்றவர் நீதிபதி நாற்காலியில் உட்காரலாமா என்ற கேள்விக்கும் தமிழ்நாட்டில் ஒரு கதை உண்டு. சிவில் நீதிபதித் தேர்வில் 40 முதல் 50 சதவீதக் குறைபாடு உள்ளவர்களுக்கே இடம் என்ற நம் மாநில நிபந்தனையை, 70 சதவீதக் குறைபாடு உள்ள சுரேந்திர மோகன் எதிர்த்து, 2019-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 2025 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம், பார்வைக் குறைபாட்டைக் காட்டி யாரையும் நீதித்துறைப் பணியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்றது.

அறிவுசார் குறைபாடு உள்ளவர் சாட்சி சொல்லத் தகுதியில்லாதவர் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்ல முடிகிறதா என்பது ஒன்றே கேள்வி. சின்னச் சின்னக் கேள்விகள், நடுவில் இடைவெளி, பழக்கமான ஒருவர் பக்கத்தில், எதிரியின் முகம் தெரியாத இடம் எல்லாம் கேட்கலாம். இப்படிப்பட்ட சாட்சிகளுக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் தனி மையம் அமைக்க 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்த மையத்தில் வைத்து விசாரிக்க வேண்டும் என்று மனுவில் ஒரு வரி சேருங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது, சட்டப்படி கார்டியன் வேண்டும் என்று வருகிற பெற்றோருக்கு: தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழுவிலேயே மனு கொடுக்கலாம். கோர்ட்டுக்கு வரவே வேண்டாம்.

போகாமலே முடியுமா?

பல நேரம் முடியும். சிவில் வழக்கில் நோயாலோ உடல் இயலாமையாலோ வர முடியாத சாட்சியை வீட்டிலேயே விசாரிக்கக் கோர்ட் கமிஷன் போடலாம். வக்கீல் ஒருவர் கமிஷனராக வீட்டுக்கு வந்து வாக்குமூலம் பதிவார். காணொலி மூலம் சாட்சியம் செல்லும் என்று 2003-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் 2020-இல் அதற்கு விதிகள் வகுத்திருக்கிறது. கிரிமினல் வழக்கில் எதிரியாக இருந்தால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்டு மனு போடலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 228, 355.

போலீஸ் விசாரணையில் இது இன்னும் கறாராக இருக்கிறது. அதே சட்டத்தின் 179-ஆம் பிரிவுப்படி, உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவரைச் சாட்சி விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி வற்புறுத்தக் கூடாது. அவர்கள்தான் வீட்டுக்கு வர வேண்டும். “ஒரு அஞ்சு நிமிஷம் ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போயிடுங்க” என்று போன் வந்தால் இந்தப் பிரிவு எண்ணை மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். பாலியல் குற்றத்துக்கு ஆளான மாற்றுத்திறனாளியின் புகாரையும் அவர் வீட்டிலோ அவர் சொல்லும் இடத்திலோ, மொழிபெயர்ப்பாளரையோ சிறப்பு ஆசிரியரையோ வைத்துக்கொண்டு, வீடியோவோடு பதிய வேண்டும்.

வக்கீல் செலவுக்கு, மேலே சொன்ன இரண்டாவது பன்னிரண்டு. மாற்றுத்திறனாளி என்றால் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி. தேசிய உதவி எண் 15100. தமிழ்நாடு மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உயர் நீதிமன்றத்தை ஒட்டியே இருக்கிறது. கோர்ட் கட்டணம், தட்டச்சு, நகல் செலவும் இதில் சேரும். அப்படி வந்த வக்கீல் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், ஆணைக்குழுவில் சொல்லுங்கள்.

விபத்தில் காலையோ கையையோ இழந்து நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நடக்க முடியாமல் ஆனதை நிரூபிக்கவே நடந்து வர வேண்டிய வழக்கு இது. மெடிக்கல் போர்டு கொடுக்கும் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 2010-இல் இதைப் பிரித்துக் காட்டியது. இடது கை போன குமாஸ்தா பழைய வேலையில் தொடரலாம். டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போய்விடும். ஆகவே என்ன வேலை செய்துவந்தீர்கள், அதில் எந்தக் கை, எந்தக் கால் என்ன செய்தது என்பதை விவரமாகச் சொல்லுங்கள். விபத்து விழுப்புரத்தில் நடந்திருந்தாலும் குடியிருக்கும் சென்னையிலேயே மனு போடலாம். ஆறு மாதக் கெடு 2022 ஏப்ரல் முதல் மறுபடி சட்டத்தில் வந்திருப்பதால் காயம் ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மெமோ போட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால்? அந்த வழக்குக்கான வசதி என்றால் அதே நீதிபதியிடம் மறுபடி மனு. அதற்கு மேல் உயர் நீதிமன்றம். லிப்ட், சாய்தளம், கழிப்பறை என்றால் அந்த வளாகத்தின் முதன்மை நீதிபதிக்கு எழுதி, ஒரு நகலைக் காமராஜர் சாலையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அனுப்புங்கள். ஆணையரின் பரிந்துரை மீது என்ன செய்தோம் என்று சம்பந்தப்பட்ட அமைப்பு மூன்று மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அளந்து எழுதிவைத்தீர்களே, அந்த 18 அங்குலம், 60 அங்குலக் கணக்கை இங்கே சேருங்கள்.

அன்றைக்குப் பத்தரை மணிக் கோர்ட்டுக்கு ஒன்பதரைக்கே போய்விடுங்கள். சீல் வைத்த மெமோ நகல், அடையாள அட்டை, மாத்திரை, தண்ணீர், போன் சார்ஜர், கட்டை ஊன்றுகிறவர் என்றால் அடியில் மாட்டும் ரப்பர் புஷ் ஒன்று கூடுதலாக. மழைநாளில் வழவழப்பான தரையில் தேய்ந்த புஷ்ஷோடு போய் நான் ஒருமுறை விழுந்திருக்கிறேன். பெயர் கூப்பிடும் நேரத்தில் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தால் வக்கீலிடம் “பாஸ் ஓவர் கேளுங்க” என்றால் போதும், வழக்கைச் சற்றுத் தள்ளி எடுப்பார்கள். கூண்டில் ஏற முடியாவிட்டால் கீழேயே உட்கார்ந்து சொல்ல அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது அடுத்த வாய்தாத் தேதியோடு, அன்றும் இதே ஹால்தானா என்று பெஞ்ச் கிளார்க்கிடம் கேளுங்கள். ஹால் மாறுகிறது என்றால் மறுபடி ஒரு சாயங்காலம் டேப்போடு வர வேண்டும், புது மெமோ எழுத வேண்டும்.